காளானைக் கீழே இறக்கியது

டிராக்டருக்குச் செயற்கைக்கோள் ஸ்டியரிங் வாங்கலாம் என்று பேச்சை எடுத்தவன் நான்தான். ஆசையில் எடுக்கவில்லை. என் வலது தோள் கெட்டுப்போயிருந்தது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு போர்வெல் வண்டியில் ஏறினேன். ஆந்திரா, சத்தீஸ்கர், ஒடிசா என்று சுற்றினேன். பெயர் நினைவில்லாத ஓர் ஊரில், மேலே தூக்கிய இரும்புக் குழாய் நழுவி என் தோளில் விழுந்தது. மூட்டு விலகியது. அங்கேயே ஒருவர் கையை இழுத்து மூட்டை உட்கார வைத்தார், மறுவாரம் வேலைக்குப் போனேன். அதன்பின் அறுவடை வண்டி, கல்குவாரி, ஓசூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. எங்கேயும் முழுதாக இரண்டு வருடம் இருந்ததில்லை. போகச் சொன்ன இடங்களும் உண்டு, சொல்லாமலே கிளம்பிய இடங்களும் உண்டு.

நல்லம்பள்ளி தாண்டி வத்தல்மலை அடிவாரத்தில் இருக்கும் இந்த நிலத்துக்கு மட்டும் வந்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. நிலம் அக்காவுடையது. சொந்த அக்கா இல்லை, எல்லோரும் அப்படிக் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் இறந்த பிறகு ஆறு ஏக்கரையும் தனியாகப் பார்ப்பவர். தக்காளி போட்டுப் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு அனுப்புவார். நான் அவருடைய டிராக்டரை ஓட்டுகிறேன், மற்ற நேரத்தில் மற்ற வேலை.

பவர் ஸ்டியரிங் வண்டிதான். ஆனாலும் பாத்திக்குக் கோடு பிடிக்கும்போது நாள் முழுவதும் கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், அடிக்கொரு தரம் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்குள் தோளிலிருந்து சுண்டுவிரல் வரை மரத்துப்போகும். தர்மபுரியில் எலும்பு டாக்டர், ஒன்று அறுவைசிகிச்சை, இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை விட்டுவிடு என்றார். ஸ்டியரிங்கை விட்டால் எனக்கு இங்கே வேலை இல்லை. களை எடுக்கவும் தக்காளி பறிக்கவும் அக்காவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு நாற்பத்து நான்கு வயது. மறுபடி பையைத் தூக்க முடியும், ஆனால் இந்தக் கையோடு போய் எவனிடம் நிற்பது?

இதை அக்காவிடம் மறைக்கவில்லை. செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினேன். ஓட்டுபவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வண்டி நேராகப் போகிறது. அக்கா இரண்டு தடவை பார்த்தார்.

"வானத்துல இருக்கறது நம்ம பாத்திய பாக்குமாப்பா?"

"பாக்காதுங்க்கா. வண்டி எங்க நிக்குதுன்னு வண்டிக்குச் சொல்லும்."

"உனக்கு அப்பிடி ஒண்ணு சின்ன வயசுலயே மாட்டியிருக்கணும்."

ஆனால் அவருக்கும் ஒரு தேவை இருந்தது. சொட்டுநீர்க் குழாயை ஒவ்வொரு போகத்துக்கும் விரித்து, பிறகு சுருட்டி, எலி கடித்ததை ஒட்டி, ஆட்கூலி கொடுத்து அவர் சலித்துப்போயிருந்தார். குழாயை மண்ணுக்குள் ஒரு முழ ஆழத்தில் நிரந்தரமாகப் புதைத்துவிட்டால் பத்து வருடம் அப்படியே கிடக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். புதைத்த குழாய் கண்ணுக்குத் தெரியாது. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மேலே கலப்பை விட முடியாது. வண்டி கோட்டை ஞாபகம் வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்தும் அதே கோட்டில் வந்தால்தான் அது நடக்கும். ஆக அவருக்குக் குழாய், எனக்குத் தோள். இரண்டும் ஒரே பெட்டியை நம்பி இருந்தன.

அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடமே விட்டார். அங்கே ஆரம்பித்தது எரிச்சல்.

விற்க வருகிறவர்கள் யாரும் வயலில் ஓட்டிக் காட்ட விரும்புவதில்லை. காய்ந்த ஏரி எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஏரிக்குள் மரமில்லை, மேடில்லை, வரப்பில்லை. அங்கே நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் கோடு நேராகத்தான் வரும். முதலில் வந்தவர் விளக்கு மட்டும் காட்டும் பெட்டி கொண்டுவந்தார். இடப்பக்கம் போனால் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் போனால் வலப்பக்கம். திருப்புவது யார் என்றேன். நீங்கள்தான் என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டாமவர் ஸ்டியரிங்கையே கழற்றிவிட்டு மோட்டாரோடு சேர்ந்த வேறு ஸ்டியரிங் மாட்டினார். வண்டி தானாகப் போனது, ஆனால் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போனது. அவர் திரையில் என்னென்னவோ எண்களை மாற்றிப் பார்த்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தது நான். முன்சக்கர மூட்டுகளில் ஆட்டம் இருந்தது. அவற்றை மாற்றிய பிறகு நேராகப் போயிற்று. அவரிடம் ஒன்று கேட்டேன், நாளைக்கும் வந்து இதே கோட்டில் ஓட்டிக் காட்டுவீர்களா என்று. எதற்கு என்றார். இன்றைக்குப் பக்கத்துப் பக்கத்துக் கோடு சரியாக வருவது பெரிய விஷயமில்லை, இன்று போட்ட கோட்டுக்கு நாளை வர வேண்டும், அதற்குத்தான் வாங்குகிறோம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கோட்டின் இரண்டு முனையிலும் மூங்கில் குச்சி நட்டு, நடுவில் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தேன். மறுநாள் வண்டி சுண்ணாம்பை விட்டு இரண்டு சாண் தள்ளிப் போனது. இலவசமாக வரும் சிக்னலில் அவ்வளவுதான் வரும் என்று அப்போதுதான் சொன்னார்.

வேறொருவர் செல்போன் சிம் மூலம் செயற்கைக்கோள் கணக்குக்குத் திருத்தம் வாங்கும் பெட்டியைக் கொண்டுவந்தார். அது துல்லியமாம். எங்கள் நிலத்தில் பேசுவதற்கே புளியமரத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஏறி நிற்க வேண்டும். டிராக்டரை எப்படி மேட்டில் ஏற்றுவது? அவர் இன்னொரு சிம் போட்டார், அப்புறம் என் சிம்மைக் கேட்டார். மத்தியானம் வரை வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

கடைசியாக வந்தவரிடம்தான் சொந்தக் காளான் இருந்தது. அவர் அதை பேஸ் ஸ்டேஷன் என்றார், அக்கா பார்த்தவுடன் காளான் என்றார், அந்தப் பெயரே நின்றுவிட்டது. வெள்ளையாக, குடை விரித்த மாதிரி, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். அதை அசையாத இடத்தில் ஒரு கம்பத்தில் நிறுத்திவிட வேண்டும். அது வானத்தைக் கேட்டு, வண்டிக்கு ரேடியோவில் திருத்தம் சொல்லிக்கொண்டே இருக்கும். செல்போன் டவர் வேண்டாம். கிணற்று மோட்டார் ரூமின் மொட்டைமாடியில் இரும்புக் கம்பத்தைச் சிமெண்ட் போட்டு நட்டு, காளானை அதன்மேல் முறுக்கினோம். கரண்ட் போனாலும் நிற்காமலிருக்க பேட்டரி. என் குச்சியும் சுண்ணாம்பும் மறுபடி வந்தன. மறுநாள் வண்டி சுண்ணாம்புக் கோட்டின்மேல் வந்தது. மூன்றாம் நாளும் வந்தது. ஒரு வாரம் கழித்தும் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வாழ்க்கையில் ஒரு பொருளை இவ்வளவு சோதித்து வாங்கியதில்லை. அதே வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. வரப்பு முனையில் வண்டி தானாகத் திரும்பாது, அங்கே கையால்தான் திருப்ப வேண்டும். வீடியோவில் திரும்பியதே என்றேன். அது வேறு மாடல் என்றார். பரவாயில்லை, முனைக்கு முனைதானே என்று ஒத்துக்கொண்டேன்.

சித்திரையில் குழாய் புதைத்தோம். ஐந்தடிக்கு ஒரு குழாய். வண்டி கோடு போட, நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் போகம் தக்காளி நன்றாக வந்தது. புரட்டாசியில் செடியைப் பிடுங்கி, மேலாக ரோட்டவேட்டர் விட்டு நிலத்தைச் சமமாக்கினோம். அதுவரை எல்லாம் சரி.

ஆயுத பூஜைக்கு அக்கா வீட்டில் எதையும் விட மாட்டார்கள். டிராக்டரைக் கழுவி வாசலில் நிறுத்துவோம். கலப்பை, மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், தராசு, சைக்கிள், மிக்சி வரை வரிசையாக வரும். அன்றைக்கு அவற்றில் எதையும் எடுத்து வேலை செய்யக் கூடாது. சந்தனம் தொட்டு வைத்துக்கொண்டே வந்த அக்கா, மோட்டார் ரூம் பக்கம் பார்த்தார்.

"எல்லாம் வந்துருச்சு. அது மட்டும் அங்க தனியா நிக்குது பாரு. வருசமெல்லாம் ஒழைக்குது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நானே ஏறினேன். அஜாக்கிரதையாக இறக்கவில்லை. கம்பத்திலும் காளானிலும் சிவப்பு பெயிண்டால் நேருக்கு நேர் ஒரு கோடு இழுத்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரி இறக்கிக் கொண்டுவந்தேன். டிராக்டர் பானெட்டின் மேல் வைத்துப் பொட்டு வைத்தோம். பொரி, கடலை, பூசணிக்காய், சக்கரத்தடியில் எலுமிச்சை எல்லாம் முறையாக நடந்தன. மறுநாள் அதே கம்பத்தில், அதே சிவப்புக் கோட்டுக்குச் சரியாக முறுக்கி, ஒயரை மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது.

நாலைந்து நாள் கழித்து, மழைக்கு முன்னால் குழாய்களுக்கு நடுவில் ஆழ உழவேண்டும் என்று, ஓரடி இடைவெளியில் மூன்று கொத்துள்ள கொத்துக் கலப்பையை மாட்டினேன். நிலம் மொட்டையாக இருந்தது, பழைய பாத்தியின் தடயம் எதுவும் இல்லை. திரையில் சித்திரையில் போட்ட கோடுகள் வரிசையாக இருந்தன. முன்பெல்லாம் பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். அன்று திரையைப் பார்த்துக்கொண்டு போனேன். ஏழாவது கோட்டின் முனையில் கலப்பையைத் தூக்கியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். இடப்பக்கக் கொத்தில் கறுப்புக் குழாய் ஆட்டுக்குடல் மாதிரி சுற்றிக்கொண்டு தொங்கியது.

இறங்கிப் போய்க் கையால் மண்ணைத் தோண்டினேன். ஏழு வரிசையிலும் குழாய் துண்டு துண்டாகக் கிடந்தது. வண்டி கோடு தவறவே இல்லை. ஏழு உழவுச் சாலும் நூல் பிடித்த மாதிரி நேராக, ஒன்றுக்கொன்று சமமாக இருந்தன. மொத்தமும் தள்ளிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

மேட்டில் ஏறி நின்று விற்றவருக்குப் போன் போட்டேன். சிக்னல் எப்படி, ரேடியோ எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

"நடுவுல பேஸுக்கு கரண்ட்ட எடுத்தீங்களாண்ணா?"

"எடுத்தோம். ஆயுத பூஜைக்குக் கீழ எறக்கனோம். அதே எடத்துலதான் திருப்பி வச்சோம், கோடு போட்டு வச்சேன்."



"அதுக்குப் போயி ஏண்ணா பூஜ?"

"உங்க ஆபீசுல கம்ப்யூட்டருக்குப் போடலியா?"

"போட்டோம்ணா. ஆனா நகத்தல."

அப்புறம் விளக்கினார். காளானுக்குக் கரண்ட் போய்த் திரும்ப வந்தால், அது வானத்தை மறுபடி கேட்டு, தான் எங்கே நிற்கிறேன் என்று புதிதாக முடிவு செய்துகொள்ளும். அந்த முடிவு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். எங்கள் கோடுகள் எல்லாம் அதன் பழைய முடிவை வைத்துப் போட்டவை. காளான் தன்னை ஓரடி தள்ளி நினைத்தால், டிராக்டரும் ஓரடி தள்ளித்தான் போகும். இதற்காகவே முதல் நாள் அது சொன்ன எண்ணைக் குறித்துவைத்து, எப்போது இறக்கினாலும் அந்த எண்ணையே திரும்ப அடிக்க வேண்டுமாம். அந்த எண் எங்கே என்றேன். மாட்ட வந்த பையனின் போனில் இருந்தது, அவன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார். வாங்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் இறக்க மாட்டார்கள் என்று நினைத்தோம் என்றார்.

நான் எவ்வளவு சோதித்தேன். மறுநாள் வருமா, மறுவாரம் வருமா, மரத்தடியில் வருமா. கீழே இறக்கிப் பூஜை போட்டுவிட்டுத் திரும்ப வைத்தால் வருமா என்று மட்டும் சோதிக்கவில்லை. இந்த ஊரில் அதைத்தான் முதலில் சோதித்திருக்க வேண்டும்.

அக்கா வயலுக்கு வந்து துண்டுக் குழாய்களைப் பார்த்தார். திட்டவில்லை. இரண்டு துண்டை எடுத்துச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"பூச போட்டது தப்பாப் போச்சா?"

"எறக்குனது நாந்தானுங்க்கா. கேட்டுட்டு எறக்கியிருக்கணும்."

"மீதிக் கொழாயாச்சும் நிக்கட்டும். இந்தப் பொட்டியக் கழட்டி அனுப்பிரலாம். பழையபடி மேலயே விரிச்சுக்கலாம்."

அவர் எனக்கு எதிராகச் சொல்லவில்லை. ஆனால் பெட்டி போனால் நானும் போக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் திரையிலேயே அவ்வளவும் தள்ளி வைத்துவிடலாம், இரண்டு நாள் கொடுங்கள் என்றேன். சரி என்றார்.

இதற்கும் வழி சொன்னது அந்த விற்பனையாளர்தான். அறுபடாத ஒரு குழாயைத் தோண்டிப் பார்த்து, வண்டியைத் திரையில் இருக்கும் குழாய்க் கோட்டில் நிறுத்தி, வண்டியின் நடுவுக்கும் குழாய்க்கும் எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்தால் போதும். எல்லாக் கோடும் ஒரே அளவில்தான் நகர்ந்திருக்கும், ஒரு குழி போதும். அவர் சொன்னது சரி. ஆனால் அவர் சொன்ன எதையும் நம்பும் மனநிலையில் நான் இல்லை. ஒரு குழியை நம்பி இன்னொரு வரிசையை அறுத்துவிட்டால், அதற்கப்புறம் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாது.

முதல் குழியில் ஒன்றரை அடி வந்தது. எழுதிக்கொண்டேன். நிலத்தின் நடுவில் இன்னொன்று தோண்டினேன், ஒன்றரை அடி. கிழக்குக் கோடியில், ஒன்றரை அடி. சரளை கலந்த செம்மண், மேலே ஒரு சாண் தவிர மற்றதெல்லாம் கல் மாதிரி. குழாயைக் கிழித்துவிடக் கூடாது என்று கடைசி நாலு விரல் ஆழத்தை மண்வெட்டி இல்லாமல் கையால் பறித்தேன். மேற்கே வரப்போரம், பள்ளத்தில், புளியமர நிழலில் என்று தோண்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு குழியிலும் அதே அளவு வர, எனக்குக் கோபம்தான் ஏறியது. எங்காவது தவறு வரும், அதைப் பிடித்து அந்த ஆளிடம் கேட்க வேண்டும் என்றிருந்தது. பதினோராவது குழியில் மண்வெட்டியை ஓங்கும்போது தோள் நழுவியது.

வலி வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். பழக்கமான வலிதான். மரத்தில் சாய்ந்து முழங்கையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன், அதுவாகவே உள்ளே போய் விழுந்தது. கை மேலே எழவில்லை. அக்கா துண்டைக் கொண்டுவந்து கழுத்தோடு சேர்த்துத் தூளி கட்டினார். நோட்டை வாங்கிப் பார்த்தார். பதினோரு வரியிலும் ஒன்றரை அடி என்று எழுதியிருந்தது.

"மொதக் குழியிலயே தெரிஞ்சிருச்சேப்பா."

நான் இடக்கையால் மண்வெட்டியை எடுத்தேன்.

"கைய காப்பாத்தத்தான் அத வாங்கனோம். அத காப்பாத்தறதுக்குக் கைய ஒடச்சிக்கிட்டு நிக்கிற."

அன்றைக்குப் பெட்டியை அனுப்புவது பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெருமழை விழுந்தால் அந்த மண்ணில் வாரக்கணக்கில் வண்டி இறங்காது. மறுநாள் காலை திரையில் ஒன்றரை அடி தள்ளி வைத்தேன். இடக்கையால் வண்டியைக் கிளப்பினேன். வண்டி கோட்டைப் பிடித்துக்கொண்டது, அதில் குறையில்லை. கலப்பையை இறக்கி ஏற்றும் லீவர் மட்டும் வலப்பக்கம் இருக்கிறது. இடக்கையால் எட்டிப் பிடித்தால் உடம்பு முழுக்கத் திரும்ப வேண்டும், முனையில் அதே கையால் ஸ்டியரிங்கையும் பிடித்தாக வேண்டும். இரண்டு சாலுக்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது.

வரப்பில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார் அக்கா. நான் போட்ட இரண்டு சாலுக்கும் பக்கத்தில் தானே தோண்டி, குழாய் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். வலப்பக்க மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லீவரில் கை வைத்தார்.

"எப்பத் தூக்கணும், எப்ப எறக்கணும்னு சொல்லு. கத்தாத."

அன்று முழுவதும் அப்படித்தான் ஓட்டினோம். நேராகப் போகும்போது வண்டியே போனது, நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். முனை வந்ததும் நான் சொல்ல அவர் தூக்கினார், நான் இடக்கையால் திருப்பினேன், நான் சொல்ல அவர் இறக்கினார். மூன்று தடவை சீக்கிரம் இறக்கிவிட்டார், ஒரு தடவை தூக்கவே மறந்து வரப்பைக் கிளறிவிட்டார். அதற்கு நான் கத்தினேன். அவரும் திருப்பிக் கத்தினார். நாற்பது சாலுக்குமேல் போட்டோம். எந்தச் சாலிலும் குழாய் அறுபடவில்லை. சாயங்காலம் முதல் தூறல் விழுந்தபோது இன்னும் இரண்டு ஏக்கர் மிச்சம் இருந்தது. இது தூறலோடு நின்றுவிட்டால் நாளைக்கு ஏழு மணிக்கே வந்துவிடு என்று சொல்லிவிட்டு, இறங்கி முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.